மேலே நின்றவன்

திவாகரன் சிப்பி ஓட்டுக் குவியலின் மேல் உட்கார்ந்து, இன்றைக்கு எட்டுக் கூடை மட்டி வாரியதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டியிருந்த கைலி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கால் நகத்தில் பொட்டுச் சேறு இல்லை. விடிந்ததிலிருந்து அவன் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது அடுப்படியில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எட்டாடே? நேத்து ஏழுன்னு சொன்னே" என்றாள் கார்த்தியாயினி. அந்தக் கரையில் மட்டி அவிக்கிறவர்களில் அவள்தான் மூத்தவள்.

"நேத்து காத்து, சேச்சி. இன்னிக்குக் காயல் எண்ணெய் ஊத்துன மாதிரி கெடந்துச்சு. முங்குனா ரெண்டு கை நெறைய."

"அந்த எட்டுக் கூடையும் எங்க? கொக்கு கொத்திட்டுப் போச்சா?"

"சங்கத்துல எறக்கியாச்சு. சீட்டு பங்கிகிட்ட இருக்கு, கேட்டுப் பாரு."

பெண்கள் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி பங்கஜாட்சி சிரிக்கவில்லை. இரும்பு டிரம்மின் வாயில் சாக்கை வைத்துப் பிடித்து, வெந்த மட்டியைச் சாய்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. இருபது வருஷமாக அடிக்கிற ஆவி அது. அவள் கன்னமெல்லாம் அவித்த நிறத்திலேயே நின்றுவிட்டது. வாய் பிளந்த மட்டிகளை ஓமனா சல்லடையில் வாங்கிக் குலுக்கினாள். சதை கீழே விழ, ஓடு மேலே கலகலவென்று ஆடியது. ஓடு சுண்ணாம்புச் சூளைக்குப் போகும். சதை சேர்த்தலைச் சந்தைக்குப் போகும். மிச்சம் இருக்கிற நாற்றம் இவர்களோடு வீட்டுக்கு வரும்.

ஐப்பசியில் திவாகரன் விழுந்தான். அதற்கு முன்னால் நாலு மாதம் சாராயம் மட்டும்தான் அவன் சாப்பாடு. ஒரு நாள் காலையில் கண்கள் இரண்டும் பக்கவாட்டில் துடிக்க, ஆடும் வள்ளத்தில் நிற்கிறவனைப் போலத் தரையில் நடந்துவந்து முற்றத்தில் குப்புற விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் வைத்திருந்தார்கள். கண் சரியாயிற்று. நடையும் ஏறக்குறைய சரியாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சின்ன வயது டாக்டரம்மா பங்கஜாட்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"குடியும் பட்டினியும் சேர்ந்து மூளையில ஒரு எடத்த அரிச்சிருச்சும்மா. பழசு அங்கங்க இருக்கும். புதுசு நிக்காது. நிக்காத எடத்துல அதுவா எதையாவது வெச்சு நெரப்பிக்கும். அவர் பொய் சொல்லலை. அவருக்கு அது நெசம்."

பங்கஜாட்சி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நம்பவில்லை. பத்தொன்பது வருஷம் இவனோடு குடித்தனம் நடத்தியவள் அவள். துடுப்பை எவனோ திருடிவிட்டான் என்றான். அது சாராயக்கடையில் இருந்தது. குத்துவிளக்கைக் கோயிலில் இரவல் கேட்டார்கள் என்றான். அதுவும் அங்கேதான் இருந்தது. போன ஆடியில், காயலில் சுகதனைத் தேடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில் ஒரு நாள், கொடியில் கிடந்த பச்சைக் கட்டம் போட்ட கைலி காணாமல் போயிற்று. அவள் தம்பி ஓணத்துக்கு எடுத்துக்கொடுத்த கைலி. "எனக்குத் தெரியாது பங்கி, சத்தியமாத் தெரியாது" என்று நின்றான். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகப் புருஷனைக் கை நீட்டி அடித்தாள். தென்னை மட்டையால் முதுகில் மூன்று அடி. அவன் தடுக்கவில்லை.

அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று பொய் நோயாகிவிடுமா? வேலைக்குப் போகாமல் இருக்க இவன் கண்டுபிடித்த புது வழியாக இருக்கும் என்று அவள் வேவு பார்த்தாள். பீடிக்கட்டை அவன் கண்முன்னாலேயே அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, அரைமணி கழித்து, "பீடி எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். "பரமு கடையில குடுத்துட்டு வந்தேன், ஈரமா இருந்துச்சு, மாத்தித் தரேன்னான்" என்றான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பழைய திவாகரன் பொய் சொன்னால் இடது கை காதுமடலைத் தேடிப் போகும். இந்தத் திவாகரனின் கை மடியிலேயே கிடந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கையையும் பழக்கிக்கொண்டானோ?

"இன்னிக்கு யாருகூடடே போனே?" கார்த்தியாயினி விடவில்லை. சுள்ளியை ஒடித்து அடுப்பில் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"யாருகூட? சுகதன்கூடத்தான்."

சல்லடைச் சத்தம் நின்றது.

ஓமனா சுகதனின் பெண்டாட்டி. இருபத்தாறு வயது. அவன் காயலில் முங்கப் போய்ச் செத்த ஆடியிலிருந்து இந்த அடுப்படிக்கு வருகிறாள்.

"அவருகூடவா போனீங்க, சேட்டா?" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

"ஓமனா, விடு. அது ஒரு கூறு கெட்டது" என்றாள் பங்கஜாட்சி.

"இருங்க சேச்சி. சேட்டா, அன்னைக்கு நீங்களும் காயல்லயா இருந்தீங்க? மேல யாரு நின்னா? ராஜப்பனா?"

திவாகரன் யோசித்தான். நெற்றி சுருங்கி, பிறகு தெளிந்தது. தேடின சாமான் கையில் தட்டுப்பட்டவனுக்கு வருகிற தெளிவு.

"ஆமா. ராஜப்பன்தான் மேல நின்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் போயிட்டான்."

டிரம்மில் தண்ணீர் கொதித்துப் பொங்கி நெருப்பில் விழுந்து சீறியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் பங்கஜாட்சியைப் பார்த்தார்கள். ராஜப்பன் அவள் உடன்பிறந்த தம்பி.

அந்தக் காயலில் மட்டிக்கு முங்குகிறவன் தனியாகப் போக மாட்டான். இரண்டு பேருக்கு ஒரு வள்ளம். கழுக்கோலைச் சேற்றில் ஊன்றி வள்ளத்தை அதில் கட்டுவார்கள். ஒருவன் கோலைப் பிடித்தபடி அடிக்குப் போவான். மற்றவன் மேலே நிற்பான். காயலுக்குக் குறுக்கே இருக்கிற அணையின் பலகைகளைத் திறந்துவிட்ட மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக இழுத்துக்கொண்டு வரும். பார்க்கப் பூவும் இலையுமாக இருக்கும். அடியில் வேர் பின்னிக் கோரைப்பாயைப் போலக் கிடக்கும். மூச்சு முட்டி மேலே வருகிறவன் தலைக்கு மேல் அது மூடியிருந்தால் கதை முடிந்தது. மேலே நிற்பவன் அதைத் தள்ளிவிட வேண்டும். முடியாதென்று கண்டால் கோலில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். கீழே ஆள் இருக்கும்போது மேலே நிற்கிறவன் பீடிகூடப் பற்றவைக்க மாட்டான். ஒருவன் அப்படி விட்டுவிட்டுப் போனான் என்று பேச்சு வந்தால் போதும், பிறகு ஒருத்தனும் அவனோடு வள்ளம் ஏற மாட்டான். அவன் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சுகதனுக்கும் ராஜப்பனுக்கும் ஒரே வள்ளம். அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, சுகதன் தனியாகப் போயிருக்கிறான் என்று ராஜப்பன் சொன்னான். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். காய்ச்சலைப் பார்த்தவர் யாரும் இல்லை. வள்ளம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கோலில் கட்டியபடி கிடந்தது, பாதிப் பை மட்டியோடு. மேலே ஒருவன் நின்றிருந்தால் அவன் நீந்தித்தான் கரைக்கு வந்திருக்க வேண்டும். அப்படி நனைந்து வந்தவனையும் யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் சுகதன் ஒருநாளும் தனியாகப் போகிறவன் இல்லை என்பதை யாரும் மறக்கவும் இல்லை.

திவாகரன் அப்படிச் சொன்ன மறுநாள் பத்து மணிக்கு ராஜப்பன் வீட்டுக்கு வந்தான். காயலிலிருந்து நேராக வந்திருந்தான். கைலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பங்கஜாட்சி உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. கட்டன் சாயா கொடுத்தாள். வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டான்.

"என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொன்னாரு. வாய்ல வந்தத."

"சொன்னத அப்பிடியே சொல்லு, சேச்சி."

சொன்னாள்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன இருக்கு சொல்ல?"

ராஜப்பன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த திவாகரனை எட்டிப் பார்த்தான். மூடியிருக்கிற கூடைக்குள் என்ன கிடக்கிறதோ என்று பார்க்கிறவனின் பார்வை.

"அளியா! வா, வா!" மச்சானைக் கண்டு திவாகரன் முகம் மலர்ந்தது. "பொண்ணு புள்ள பெத்தாச்சா?"

"ஏழு மாசம் ஆச்சு, அளியா. பையன். நீங்கதான் தூக்கி வெச்சிருந்தீங்களே."

"ஆமாமா. தூக்குனேன். மூக்கு உன் மூக்கு."

அவன் பிள்ளையைத் தூக்கவே இல்லை. ராஜப்பனுக்கும் அது தெரியும். சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறான். அதைப் பங்கஜாட்சி கவனித்தாள். இவனும் சோதிக்கிறானே, எதற்குச் சோதிக்கிறான்?

"இவர வெளிய விடாதே சேச்சி. இன்னிக்கு என்கூட வந்தவன் வள்ளத்துல ஒரு வார்த்த பேசலை. முங்கும்போது என் மூஞ்சியப் பாத்துட்டு முங்குறான். நான் மேல நிக்கறேன்னு அவனுக்குப் பயம். புரியுதா? நாளைக்கு வரலைன்னுட்டான்."

"ராஜப்பா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு உனக்கு நெசமாவே..."

"காய்ச்சல்" என்றான். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே. வைத்த சாயாவைத் தொடாமல் போய்விட்டான்.

அடுத்த வாரம் முழுக்க ஓமனா தினமும் வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு நாள் வேகவைத்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும். ஒரு நாள் தேங்காய்க்கொத்துப் போட்டு வறட்டிய மட்டி, பித்தளைக் கும்பாவில். திவாகரன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் சாப்பிடச் சாப்பிடக் கேட்டாள். வராதே என்று சொல்லப் பங்கஜாட்சிக்கு வாய் வரவில்லை. சொன்னால், தம்பிக்காக மூடுகிறாள் என்று ஆகும். தேங்காய் துருவுகிற சாக்கில் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள்.

"ராஜப்பன் ஏன் போனான் சேட்டா? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"சண்டதான்."

"வள்ளம் யாருக்குன்னுதானே? அவரு தனி வள்ளம் எடுக்கணும்னு சொல்லிட்டிருந்தாரு."

"வள்ளத்துக்குத்தான். ராஜப்பன் கத்துனான்."

"நீங்க எங்க இருந்து பாத்தீங்க? நம்ம தென்னமரத்தடியிலயா?"

"தென்னமரத்தடியில. ஒண்ணுக்குப் போக வந்தேன்."

மறுநாள் அதே கதை, அதிகமாகச் சதை பிடித்து வந்தது. சண்டை, வள்ளம், தென்னமரத்தடி எல்லாம் அவன் பார்த்ததாகவே வந்தது. ஓமனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துருவுகிற கையை நிறுத்தி, பங்கஜாட்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ராஜப்பன் பேரைச் சொன்னது ஓமனா. சண்டையைச் சொன்னது ஓமனா. வள்ளத்தைச் சொன்னதும் மரத்தைச் சொன்னதும் அவளே. இவனாகச் சேர்த்தது, ராஜப்பன் போனதும் கத்தியதும், தான் ஒண்ணுக்குப் போக வந்ததும்தான். முதல் நாள் காயலில் கூடவே இருந்தவன் இன்றைக்கு மரத்தடியில் நிற்கிறான். அது ஓமனாவுக்கு உறைக்கவில்லை. நீதான் அவர் வாயில் போடுகிறாய் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள். அவளுக்கு இது எட்டு மாதப் பட்டினிக்குக் கிடைத்த சோறு.

ஓமனா போனதும் பங்கஜாட்சி புருஷன் எதிரே அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நம்ம ரெண்டு பேரும் வைக்கத்தஷ்டமித் திருவிழாவுக்குப் போனோமே. ஞாபகம் இருக்கா?"

அவர்கள் போனதே இல்லை. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அவள் கேட்டு, அவன் அடுத்த வருஷம் என்று சொல்லி, பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

"ஞாபகம் இல்லாம? போட்டுல போனோம். கூட்டம். நீ மஞ்சச் சேல கட்டியிருந்தே. யானையக் கண்டு பயந்து என் சட்டையப் பிடிச்சுக்கிட்டே விடவே இல்லை. சட்டை கிழிஞ்சுபோச்சு."

"அப்புறம்?"

"வளையல் வாங்கித் தந்தேனே. கருப்பு. திரும்பி வரும்போது போட்டுல ஒண்ணு ஒடைஞ்சுது. சின்னப்புள்ள மாதிரி அழுதே. நான் சொன்னேன், அடுத்த அஷ்டமிக்கு ஒரு டஜன் வாங்கித் தரேன்னு."

அவன் கை காதுமடலுக்குப் போகவில்லை. பங்கஜாட்சி தன் மொட்டைக் கையைப் பார்த்தாள். கோபமாக வந்தது. இவ்வளவு நல்ல நாள் ஒன்று இவனிடம் இருந்திருக்கிறது, பத்தொன்பது வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறான். டாக்டரம்மா சொன்னது இப்போது புரிந்தது. இவன் நடிக்கவில்லை. என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறான்.

தம்பியைப் பற்றிய பயம் கொஞ்சம் இறங்கியது. அந்த இடத்தில் வேறொரு நினைப்பு ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மட்டிக்காரர் சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். திவாகரனை நேரில் விசாரிப்பது, சொன்னதையே சொன்னால் ராஜப்பன் பெயரைச் சங்கத்திலிருந்து வெட்டுவது, ஓமனா ஸ்டேஷனுக்குப் போனால் சங்கம் கூடப் போவது என்று ஏற்பாடு. முந்தின நாள் ராஜப்பன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். குழந்தையைப் பங்கஜாட்சி கையில் கொடுத்துவிட்டு, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது திட்டுகிறதைவிட மோசமாக இருந்தது.

ஞாயிறு காலை கஞ்சி ஊற்றிவைத்து, பங்கஜாட்சி சொன்னாள்.

"அன்னைக்கு, சுகதன் போன அன்னைக்கு, ராஜப்பன் அவன் வீட்டுல காய்ச்சலாப் படுத்திருந்தானே. நீங்க போய்ப் பாத்தீங்கல்ல?"

அவன் கஞ்சியை உறிஞ்சினான்.

"நெத்தியத் தொட்டுப் பாத்தீங்கல்ல?"

"தொட்டேன். நெருப்பாக் கொதிச்சுது."

"பாயில படுத்திருந்தான்."

"பாயில. போர்வை கேட்டான். நடுங்குனான்."

நடுக்கத்தை அவள் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் நடுக்கமும் வரும்தானே என்று விட்டுவிட்டாள். உப்பு போதுமா என்று கேட்டாள். குளித்துக்கொண்டிருக்கும்போது காய்ச்சலைப் பற்றி இன்னொரு முறை கேட்டாள். சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் கதை கெட்டிப்பட்டது.

சங்கத்துக் கூரைக்கு அடியில் நாற்பது பேர் இருந்தார்கள். ராஜப்பன் தூண் ஓரமாக நின்றான். ஓமனா முன்னால் பெஞ்சில். செயலாளர் குட்டப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"திவாகரா, சுகதன் போன அன்னைக்கு நீ என்ன பாத்தே? பயப்படாமச் சொல்லு."

"ராஜப்பனுக்குக் காய்ச்சல். பாயில கெடந்தான். நெத்தி நெருப்பு. நான் தொட்டுப் பாத்தேன்."

கூட்டம் முணுமுணுத்தது. ஓமனா எழுந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சேட்டா. என்னப் பாத்துச் சொல்லுங்க. ராஜப்பன் மேல நின்னானா, இல்லையா?"

"நின்னான்."

"பாயில கெடந்தான்னு இப்பச் சொன்னீங்க?"

"ஆமா. காய்ச்சல்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலபேர் சிரித்தார்கள். குட்டப்பன் மேஜையைத் தட்டினார். அவருக்கும் உதடு கோணியது.

"சரி திவாகரா. இங்க உன்ன யாரு கூட்டிட்டு வந்தா?"

"சுகதன்."

"எங்க அவன்?"

"வெளிய நிக்கான். கால்ல சேறு, அதான் உள்ள வரலை."

சிரிப்பு அறுந்தது. நாற்பது பேரில் பாதிப்பேர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓமனாவும் பார்த்தாள். வாசலில் வெயிலும் ஒரு நாயும்தான் இருந்தன. அவள் கண்ணை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இத வெச்சு ஒரு மனுசன் பொழப்பக் கெடுக்க முடியாது" என்றார் குட்டப்பன். "அணைப் பலக பறந்து போச்சான்னு கேட்டா அதுக்கும் ஆமாம்பான். ராஜப்பன் பேரு சங்கத்துல இருக்கும். நாளைக்கு அவன்கூட வள்ளம் ஏறலைன்னு எவனாவது சொன்னா அவன் என்கிட்ட வரட்டும்."

வெளியே வந்ததும் கார்த்தியாயினி பங்கஜாட்சியின் பக்கமாக நடந்தாள்.

"நல்லாத்தான் பாடம் படிச்சிருக்கான்டீ உன் புருஷன்."

"என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றது? எனக்கும் ஒரு தம்பி இருந்தா நானும் சொல்லித்தான் குடுப்பேன்." சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

ராஜப்பன் தூரத்திலிருந்து அக்காளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கிட்டே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பங்கஜாட்சி சோறு போட்டாள். குடம்புளி போட்ட மத்திக் கறி. எட்டு நாளைக்கு அப்புறம் அவளுக்குப் பசி எடுத்தது. முற்றத்தில் கொடியில் துணி காய்ந்தது. திவாகரன் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜப்பன் என் கைலியத் திருப்பித் தரவே இல்லையே."

அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லையே. கைலி என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்கவில்லையே.

நிறத்தைச் சொல்லிவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னால் வாங்கிக்கொள்வான். வெறும் கேள்வியாக, கையில் ஒன்றும் இல்லாத கேள்வியாகக் கேட்டாள்.

"எந்தக் கைலி?"

"பச்சக் கட்டம். ஓரத்துல பீடி சுட்ட ஓட்ட இருக்குமே, அது."

ஓட்டை உண்டு. அவள் தைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தைக்காமல் விட்ட ஓட்டை.

"எதுக்கு எடுத்தான்?"

"நனைஞ்சு வந்தான். தொப்பலா. பல்லெல்லாம் அடிச்சுக்கிச்சு. தலயில ஆகாயத்தாமர வேரு. ஒண்ணுமே பேசலை. கொடியில கெடந்தத நாந்தான் எடுத்துக் குடுத்தேன். சேச்சிகிட்டச் சொல்லாதீங்க அளியான்னான். நான் சொல்லலை." அவன் சோற்றை வாயில் வைத்து மென்றான். "கேட்டு வாங்கிரு. நல்ல கைலி."

போர்வை கேட்டான், நடுங்கினான் என்று காலையில் சொன்னது இதுதானா? காய்ச்சல் நடுக்கம் இல்லையா அது? தலையில் வேர் என்றால் அவன் திட்டுக்கு அடியில் இருந்திருக்கிறான். சுகதனைத் தேடி முங்கினானா? விட்டுவிட்டு நீந்தும்போது மாட்டினானா? தேடியிருந்தால் கரையில் வந்து ஏன் கூவவில்லை? கூவியிருந்தால் கூப்பிடு தூரம்தானே, பத்துப் பேர் குதித்திருப்பார்களே. அல்லது இதுவும் பொய்தானா, வைக்கத்து வளையலைப் போல? ஆனால் ஓட்டை நிஜம். கைலி போனது நிஜம். தென்னை மட்டை நிஜம்.

தம்பியிடம் கேட்கலாம். கேள்வி முடிவதற்குள் காய்ச்சல் என்பான்.

முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஓமனா. அழுது முடித்த முகம். வாசற்படியில் ஏறாமல் நின்றாள்.

"என் கும்பா இங்க இருக்கு, சேச்சி. எடுத்துட்டுப் போயிர்றேன். இனி வர மாட்டேன்."

"உள்ள வா. சோறு தின்னுட்டுப் போ."

"வேண்டாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் பைத்தியக்காரி மாதிரி ஆயிட்டேன்ல? எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அந்தாளு ஜெயிலுக்குப் போகணும்னு இல்லை சேச்சி. அவரு தனியாச் செத்தாரா, ஒருத்தன் பாத்துட்டிருக்கும்போது செத்தாரான்னு தெரிஞ்சாப் போதும். அது தெரிஞ்சாத் தூங்கிருவேன்."

பங்கஜாட்சி கும்பாவைத் தேடினாள். எதிரிலேயே இருந்தது.

"ஓமனாவா? வா வா, உட்காரு" என்றான் திவாகரன் உள்ளேயிருந்து. "சுகதன் வரலையா? பங்கிகிட்ட ராஜப்பன் கைலியப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தேன். அன்னைக்கு அவன்..."

ஓமனா தலை நிமிர்ந்தாள்.

"என்ன கைலி?"

கும்பா கையில் இருக்க, பங்கஜாட்சி இருவருக்கும் நடுவில் நின்றாள். அவள் தோளில் நேற்று ராஜப்பனின் பிள்ளை வடித்த எச்சில் கறை இன்னும் இருந்தது. அவள் ஓமனாவின் பக்கம் திரும்பவில்லை. புருஷனைப் பார்த்துப் பேசினாள். குரல் அவளுக்கே அந்நியமாக, மெதுவாக வந்தது.

"ராஜப்பன் ஏன் எடுக்கறான்? அந்தப் பச்சக் கைலிய நீங்கதானே சாராயக்கடையில குடுத்தீங்க. மறந்துட்டீங்களா? அர கிளாஸுக்கு. நான்கூட அடிச்சேனே, மட்டையால."

திவாகரன் நெற்றி சுருங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம். பங்கஜாட்சி மூச்சை விடவில்லை. இந்த ஒரு தடவை, இந்த ஒன்றே ஒன்றை மட்டும் இல்லை என்று சொல்லிவிடு என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது.

நெற்றி தெளிந்தது.

"ஆமா. கடையிலதான் குடுத்தேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ அடிச்சது சரிதான் பங்கி. உன் தம்பி எடுத்துக் குடுத்தது. அதப்போய் வித்தேனே. மன்னிச்சுக்கோ."

ஓமனா கும்பாவை வாங்கிக்கொண்டு போனாள்.

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான். சோறு ஆறியது. அடித்த இடம் இது என்று காட்டுகிறவனைப் போலச் சட்டையைத் தூக்கி, முதுகை அவள் பக்கமாகத் திருப்பினான்.